தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

சண்டிகருக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. (உண்மையில் குடியிருப்பது பக்கத்து ஜிரக்பூரில். ஊரில் யாராவது கேட்டால் சண்டிகர் என்று சொல்லிக்கொள்வதுதான்.) இங்கே வானம் தெளிவாக இருக்கிற ராத்திரிகளில் மொட்டை மாடிக்குப் போனால், தூரத்து மலைமேல் ஒரு விளக்கு வரிசை தெரியும். அதுதான் கசௌலி. கார் எடுத்தால் இரண்டு மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போய், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்துத் திரும்புவது வழக்கம்.

அந்த விளக்குகளுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பது போன நவம்பரில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் குடியிருப்பின் ராத்திரி வாட்ச்மேன் பீகார்க்காரப் பையன். இருபத்திநாலு வயசு. ஒரு நாள் காலையில் நான் வண்டி எடுக்கப் போனபோது காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தான். தெருநாய் கெண்டைக்காலைக் கடித்துவிட்டதாம். மிளகாய்ப்பொடியையும் கடுகெண்ணெயையும் குழைத்து அப்பி வைத்திருந்தான். "ஆஸ்பத்திரிக்குப் போனாயா?" என்று கேட்டேன். தலையை வேகமாக ஆட்டினான்.

"நஹீ சாப். பேட் மே சௌதா சூயி."

வயிற்றில் பதினாலு ஊசி!

நம்மூரில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்போமே, அதே பயம், அதே எண்ணிக்கை, வேறு பாஷையில். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் அந்த ஊசி 2004 டிசம்பரோடு நின்றுவிட்டது. அப்போது அவனுக்கு மூன்று வயசு இருந்திருக்கும். தான் பார்த்தே இராத ஊசிக்கு ஒருத்தன் பயந்து, சாவைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

*

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். 1983-ல் நான் அஞ்சாம் வகுப்பு. பெரியப்பாவை வயலில் வைத்து நாய் கடித்தது. விவரமானவர், பஞ்சாயத்து போர்டில் இருந்தவர். மந்திரிக்கப் போகாமல் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். தினம் பஸ் பிடித்துப் போய் வயிற்றில் ஒரு ஊசி. வயிறெல்லாம் தடித்துச் சிவந்துபோய், சட்டை கூடப் படமுடியாமல் திண்ணையில் மல்லாந்து படுத்திருப்பார்.

பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் கால் மரத்துப்போகிறது என்றார். அதற்கும் அடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. சிறுநீரும் போகவில்லை. இரண்டு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு கம்பு இல்லாமல் நடந்ததில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்பது இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. ஊர் சொன்னதுதான் நிற்கிறது. பாதிப்பேர் 'நாய் விஷம் நரம்பிலே ஏறிட்டு' என்றார்கள். மீதிப்பேர் 'அந்த ஊசிதான் காலை வாங்கிட்டு' என்றார்கள்.

மூன்று வருஷம் கழித்து அத்தை மகனை ஒரு நாய்க்குட்டி கடித்தது. என்னைவிட இரண்டு வயசு மூத்தவன், எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன். கையில் சின்னப் பல் பதிந்த காயம், அவ்வளவுதான். அத்தைக்குத் தன் அண்ணன் கம்பூன்றி நடப்பது தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பச்சிலை கட்டினார்கள்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு நாள் அவனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசில்லை.

ஆக, எங்கள் குடும்பத்தில் ஊசி போட்டவர் கால் போனது. ஊசி போடாதவன் உயிர் போனது. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை. வாட்ச்மேன் பையனைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். (நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்க்காரன். மருத்துவம் தெரிந்தவர்கள் தப்பிருந்தால் திருத்தலாம்.)

*

முதலில் இந்த வைரஸ் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் மீதிக் கதை விளங்கும்.

பெரும்பாலான கிருமிகள் ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் சுற்றும். ரேபிஸ் வைரஸுக்கு அந்த வழி வேண்டாம். நாயின் எச்சிலோடு தசைக்குள் இறங்கி, தசையில் வந்து முடிகிற நரம்பின் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. நரம்பணுவுக்குள் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சரக்கு ஏற்றிப்போகிற ஒரு ஏற்பாடு இயற்கையிலேயே உண்டு. அந்த வண்டியில் இதுவும் ஏறிக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் பயணம். தண்டுவடம், அங்கிருந்து மூளை. மூளையை அடைந்ததும் வேறு நரம்புகள் வழியாகக் கீழிறங்கி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்கிறது, அடுத்த கடிக்குத் தயாராக.

காலில் கடித்தால் தாமதமாகவும், முகத்தில் கடித்தால் சீக்கிரமாகவும் நோய் தெரிவது இதனால்தான். பெரும்பாலும் ஒரு மாசத்திலிருந்து மூன்று மாசம். வைரஸ் நரம்புக்குள் ஒளிந்து போவதால் உடம்பின் காவல்காரர்கள் விழித்துக்கொள்வதில்லை. விழிக்கும்போது காரியம் முடிந்திருக்கும். தண்ணீரை விழுங்கப்போனால் தொண்டையும் மூச்சுத்தசைகளும் இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரைப் பார்த்தாலே, காற்று முகத்தில் பட்டாலே இழுக்கும். சிலருக்கு இந்த வெறியே வராமல் பக்கவாதம் மாதிரி கைகால் சோர்ந்து முடிந்துவிடும். அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் இந்த மெதுவான பயணத்தில்தான் மனிதனுக்கு ஒரு சந்து கிடைக்கிறது. கடித்த பிறகும் தடுப்பூசி போடலாம்! வைரஸ் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பைத் தயார்படுத்திவிட்டால் ஜெயித்துவிடலாம். இந்தச் சந்தை முதலில் பயன்படுத்தியவர் லூயி பாஸ்டர்.

1885 ஜூலை 6. அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயசுப் பையனைப் பாரீஸுக்குக் கூட்டிவருகிறாள் அவனுடைய அம்மா. இரண்டு நாள் முன்பு வெறிநாய் பல இடத்தில் கடித்திருக்கிறது. பாஸ்டரிடம் இருந்த மருந்து என்ன தெரியுமா? ரேபிஸில் செத்த முயல்களின் தண்டுவடம். அதைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, ஈரத்தை இழுக்க அடியில் காஸ்டிக் பொட்டாஷ் வைத்து, நாள்கணக்கில் காயவிடுவார். காயக் காய வைரஸின் வீரியம் குறையும். அதிகம் காய்ந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியமானதாக மாற்றிப் போட வேண்டும். பாஸ்டர் மருத்துவர் இல்லை என்பதால் கிராஞ்சே என்ற டாக்டர் ஊசி போட்டார். பதிமூன்று ஊசி. போட்ட இடம் வயிற்றுத்தோல். பையன் பிழைத்தான். வயிறும் பத்துப் பதினாலு ஊசியும் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைரஸ் வளர்வது நரம்பில். கண்ணாடிக் குழாயில் செல் வளர்க்கத் தெரியாத காலம் அது. அதனால் தடுப்பூசிக்கு வைரஸ் வேண்டுமென்றால் ஏதோ ஒரு மிருகத்தின் மூளையையோ தண்டுவடத்தையோதான் எடுத்தாக வேண்டும். அதாவது ஊசியில் வைரஸ் மட்டும் போகவில்லை. கூடவே மூளையும் போகிறது. பின்னால் வந்த வினையெல்லாம் இதில் இருக்கிறது.

*

பாஸ்டரின் சேதி பரவியதும் உலகெங்குமிருந்து பாரீஸுக்குக் கூட்டம். 1886-ல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து ஓநாய் கடித்த பத்தொன்பது பேர் வந்தார்கள். பதினாறு பேர் பிழைத்துத் திரும்பினார்கள். இந்தியாவில் நாய் கடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் கப்பலேற்றிப் பாரீஸுக்கு அனுப்பினார்கள். (நம்மாட்களை யார் அனுப்புவது!) அப்புறம்தான் இந்தியாவிலேயே ஒரு பாஸ்டர் நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1900-ல் கசௌலியில் திறந்தார்கள். கீழே கால்கா வரை ரயில், மேலே குளிர்ச்சியான மலை, ராணுவக் குடியிருப்பு. முதல் இயக்குநர் டேவிட் செம்பிள் என்ற அயர்லாந்துக்காரர், ராணுவ டாக்டர்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் எங்கே நாய் கடித்தாலும் கசௌலிக்குத்தான் வர வேண்டும். யோசித்துப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தின் ஏதோ ஒரு மூலையில் கடிபட்டவன் நாள்கணக்கில் ரயிலில் வந்து, கால்காவில் இறங்கி, மலையேற வேண்டும். உள்ளே வைரஸும் நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்கும். யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் பந்தயம். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் தெற்கே இந்த நோயில் இறந்துபோனார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தச் சாவு ஒரு காரணமானது. கார்னகியின் பங்குதாரரான ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். ஊட்டி போகிறவர்கள் சிம்ஸ் பார்க் பக்கம் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கிடையில் செம்பிள் வேறொரு யோசனையில் இருந்தார். பாஸ்டரின் முறையில் சில வில்லங்கங்கள். தினம் புதிதாகத் தண்டுவடம் வேண்டும். இந்திய வெயிலில் பக்குவம் கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸ். முழுதாகச் செத்த வைரஸையே கொடுத்தால் என்ன? ரேபிஸ் ஏற்றிய முயலின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்தார். வைரஸ் செத்தது, ஆனால் அந்த மருந்து மிருகங்களைக் காப்பாற்றியது. 1911-ல் அறிக்கை வெளியிட்டார். பாதுகாப்பான, பலனுள்ள தடுப்பூசி என்று அதன் தலைப்பிலேயே இருந்தது. அதே ஆண்டு அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

பிற்பாடு முயலுக்குப் பதில் செம்மறியாடு வந்தது. மூளை பெரிது, ஒரு ஆட்டில் நிறைய மருந்து. செய்வது சுலபம், விலை மலிவு, பாட்டிலில் அடைத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பலாம். இனிமேல் கடிபட்டவன் மலையேற வேண்டாம், மருந்து மலையிறங்கி அவனிடம் வரும். எவ்வளவு பெரிய காரியம்! இந்தியாவில் மட்டுமில்லை, ஆசியா ஆப்பிரிக்காவில் பாதி நாடுகளில் செம்பிள் ஊசிதான் ஓடியது. எத்தனை லட்சம் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கே கிடையாது. இதை முதலில் ஒப்புக்கொண்டு விட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

*

மற்றது என்னவென்றால், பெரியப்பாவின் கால்.

இந்த வாதம் செம்பிளோடு வந்ததல்ல. பாஸ்டர் முறை ஊசி போட்டவர்களில் சிலருக்கும், நாய் கடித்த கதை வேறாக இருக்க, கை கால் விழுந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த ரெம்லிங்கர் 1905-லேயே இதைப் பற்றி எழுதினார். (ரேபிஸ் கிருமி வடிகட்டியையும் தாண்டிப் போகிற அளவுக்குச் சிறியது என்று 1903-ல் காட்டியவரும் இவர்தான்.) 1927-ல் பாரீஸில் ரேபிஸுக்கென்றே சர்வதேச மாநாடு நடந்தது. அதன்பின் சர்வதேச சங்கத்துக்காக உலகின் பாஸ்டர் நிலையங்களிலிருந்து வந்த கணக்குகளைத் திரட்டி, எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேருக்கு வாதம் வந்தது என்று வரிசையாக அறிக்கை போட்டவர் மெக்கென்ட்ரிக். இவரும் கசௌலிக்காரர்தான், அந்த நிலையத்தில் வேலை பார்த்து அதன் தலைவராகவும் இருந்தவர். கொரோனா காலத்தில் தொற்று வரைபடம் வரைபடமாகப் பார்த்தோமே, அதற்கு அடிப்படையான கெர்மாக்-மெக்கென்ட்ரிக் சமன்பாட்டில் வரும் மெக்கென்ட்ரிக் இவரே.

சரி, வாதம் ஏன் வருகிறது? வைரஸ் சரியாகச் சாகவில்லையா? இல்லை வேறு கிருமியா? இதற்கு விடை தேடியவர் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் இருந்த தாமஸ் ரிவர்ஸ். 1930-களில் அவர் செய்த சோதனை எளிமையானது. வைரஸே இல்லாத, ஆரோக்கியமான முயலின் மூளையை எடுத்து, குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டார். மாசக்கணக்கில் போட்டார். சில குரங்குகளுக்குக் கை கால் தடுமாறியது. மூளையை அறுத்துப் பார்த்தால் நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்து கிடந்தது.

வைரஸ் குற்றவாளி இல்லை, மூளைதான் என்று தெரிந்தது.

கரண்ட் ஒயர் மேலே ரப்பர் உறை இருக்கிற மாதிரி நம் நரம்பிழைகள் மேலே மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. ஆட்டு மூளையிலும் அதே சரக்கு. தினம் ஒரு ஊசியாகப் பத்துப் பதினாலு நாள் அதை உடம்புக்குள் அனுப்பினால், உடம்பு 'இதென்னடா புது எதிரி' என்று அதற்கு எதிராகவும் படை திரட்டும். சிலருடைய உடம்பில் அந்தப் படைக்கு ஆட்டின் உறைக்கும் சொந்த உறைக்கும் வித்தியாசம் தெரியாது. தன் தண்டுவடத்தையே உரித்துவிடும். 1987-ல் தாய்லாந்தில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைச் சோதித்து, மையலினில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மேல்தான் அந்தப் படை பாய்கிறது என்று காட்டினார்கள்.

நரம்பைத் தாக்குகிற வைரஸிலிருந்து காப்பாற்ற, நரம்பையே மருந்தாகக் கொடுத்தார்கள். அந்த மருந்து சிலருடைய நரம்பைத் தாக்கியது. எத்தனை பேருக்கு என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. சில இடத்தில் பல ஆயிரத்தில் ஒருவர், சில இடத்தில் சில நூறில் ஒருவர். பெரியப்பா அந்த ஒருவர். ஊரில் பாதிப்பேர் சொன்னது சரிதான். அந்த ஊசிதான் காலை வாங்கியது.

(ஒரு உபரித் தகவல்: ரிவர்ஸின் குரங்குகளிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சிதான் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயைப் புரிந்துகொள்ள வழி காட்டியது. அந்த வழியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் கண்டுபிடித்த ஒரு மருந்துக்கு 1996-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நாய்க்கடி ஊசியின் தவறிலிருந்து இன்னொரு நோய்க்கு மருந்து!)

*

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்த பகுதியில்தான்.

மூளையில்லாமல் வைரஸ் வளர்க்க முடியாது என்று இருந்தவரைக்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. வாதம் வரலாம் என்பதற்காக ஊசி போடாமல் இருந்தால் சாவு. ஆனால் 1960-களில் அமெரிக்காவின் விஸ்டார் நிலையத்தில் மனித செல்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அதில் ரேபிஸ் வைரஸை வளர்த்துவிட்டார்கள். 1975-ல் ஈரானில் வெறிநாயும் ஓநாயும் கடித்த நாற்பத்தைந்து பேருக்கு அந்தப் புது ஊசியைப் போட்டார்கள். கூடவே, வைரஸை உடனே மடக்குகிற சீரமும் கொடுத்தார்கள். நாற்பத்தைந்து பேரும் பிழைத்தார்கள். பதினாலு இல்லை, ஐந்தாறு ஊசி போதும். வயிற்றில் இல்லை, கையில். மூளைச் சரக்கு கிடையாது, அதனால் அந்த வாதம் கிடையாது.

1980-களிலேயே உலக சுகாதார நிறுவனம் மூளை ஊசியைக் கைவிடச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆனால் புது ஊசி விலை அதிகம். எனவே நம் நாட்டில் இரண்டு ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. காசு இருக்கிறவனுக்குக் கையில் ஐந்து. இல்லாதவனுக்கு வயிற்றில் பதினாலு.

இதை நானே பார்த்திருக்கிறேன். 1998, டெல்லியில் முதல் வேலை. முனீர்கா சந்தில் ஒரே நாய் என்னையும், எதிரே கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஒரிசாக்காரரையும் கடித்தது. கம்பெனி பணம் கொடுத்தது, நான் தனியார் கிளினிக்கில் கையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். அவர் தினம் பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று வயிற்றில் போட்டுக்கொண்டார். நாலாவது ஊசியோடு நிறுத்திவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குள் வேலை முடிந்து அவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். அவர் என்ன ஆனாரோ. அன்றைக்கு எனக்கு அது விசித்திரமாகக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

1911-லிருந்து 2004 வரை, தொண்ணூற்று மூன்று வருஷம். அதில் கடைசி இருபது வருஷத்துக்குச் சாக்கு கிடையாது, விலையைத் தவிர. அந்த விலைக்கும் ஒரு வழி இருந்தது. பாங்காக்கில் ஊசியைத் தசையில் போடாமல் தோலுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மருந்தின் அளவையும் செலவையும் வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள். இந்தியா அதற்கு 2006-ல் அனுமதி கொடுத்தது. இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் போடுவது அந்த முறைதான். காயத்தில் போடுகிற சீரத்தையும் விட்டுவிடக் கூடாது. கசௌலிக்கு இன்னும் மேலே சிம்லாவில், ஓமேஷ் பார்தி என்ற டாக்டர், எடைக்கேற்ற முழு அளவையும் உடம்பில் ஏற்ற வேண்டியதில்லை, காயத்தைச் சுற்றி மட்டும் போட்டால் போதும், ஒருவருக்கான மருந்தைப் பலருக்குப் பங்கிடலாம் என்று செய்து காட்டினார். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை அப்படியே மாற்றியது. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செம்பிளின் மலையில் பிறந்த பாவத்துக்கு அடுத்த மலையில் ஒரு பரிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும், 2022-23ல் ஐ.சி.எம்.ஆர். நடத்திய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸில் சாகிறார்கள். முந்தைய மதிப்பீடுகள் இருபதாயிரம் வரை சொன்னவை, எனவே குறைந்திருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் முறையாக ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். ஏன் போடவில்லை? மருந்து தீர்ந்திருக்கலாம், தூரமாக இருக்கலாம், சின்னக் காயம்தானே என்று விட்டிருக்கலாம். என் வாட்ச்மேன் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்களும் அதில் இருப்பார்கள்.

ஊசி மாறியதை ஊருக்குத் தெரியும்படி யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டுமென்றால் 'பழைய ஊசி சிலருக்குக் கெடுதல் செய்தது உண்மைதான்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் 'பயப்படாதே, மூடநம்பிக்கை' என்று மட்டும் சொன்னால் எங்கள் அத்தை மாதிரி ஆட்கள் எப்படி நம்புவார்கள்? அவள் கண்ணால் பார்த்தது மூடநம்பிக்கை இல்லையே.

*

வாட்ச்மேன் பையனிடம் நான் அதைத்தான் செய்தேன். பயப்படாதே என்று சொல்லவில்லை. "நீ பயப்படுவது நியாயம்தான், எங்க பெரியப்பாவுக்கே அந்த ஊசியால கால் போச்சு" என்று என் ஓட்டை ஹிந்தியில் ஆரம்பித்து, மலைமேல் இருக்கிற கசௌலியைக் காட்டி, ஆட்டு மூளை வரைக்கும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டான். "இப்போ அது கிடையாதா?" என்றான். கிடையாது, கையில்தான், நாலு தடவை போனால் போதும் என்றேன். குழாயடியில் உட்காரவைத்து மிளகாய்ப்பொடி போகச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொல்லி, சிவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காயத்தைச் சுற்றி சீரம் போட்டபோதுதான் கத்தினான். கை ஊசிக்கு 'இவ்வளவுதானா' என்றான். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தேதி தவறாமல் அவனே போய் வந்தான். நன்றாக இருக்கிறான்.

ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா இல்லை, அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருஷமாக ஊரில் ஒரு பேச்சு அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறது: ஊசி போட விடாமல் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றே போனேன். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அத்தை, பெரியப்பாவுக்குக் கால் போனது அந்த ஊசியாலதான். நீங்க பயந்ததுல தப்பே இல்லை. பெரிய பெரிய டாக்டருங்களே இதைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க. இப்ப அந்த ஊசியையே நிப்பாட்டிட்டாங்க."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப அவனுக்கு அந்த ஊசியைப் போட்டிருந்தா பிழைச்சிருப்பானாய்யா?"

கணக்கு எனக்குத் தெரியும். அந்தப் பழைய ஊசியில் கூட, வாதம் வருகிறவர் சில நூறில் ஒருவர், இல்லை சில ஆயிரத்தில் ஒருவர். பிழைக்கிறவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. படித்த எல்லாமே இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

"தெரியலை அத்தை" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "சாப்பிடப் போய்யா" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று. நாய், பூனை, குரங்கு, எது கடித்தாலும், கீறினாலும், குட்டியாக இருந்தாலும், முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதைக் கரைத்துவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தம் வந்திருந்தால் சீரமும் கேளுங்கள், ஒரு தேதியையும் தவறவிடாதீர்கள்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலுக்கு நிற்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் யாராவது வயிற்றைத் தடவிக்கொண்டு பதினாலு ஊசி என்று சொன்னால் சிரித்துவிடாதீர்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று அதையும் சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.